கிருபாபாய் எழுப்பிவிட்ட பெண்

சித்தூர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது கிருபாபாய்க்கு இருபத்தோரு வயது. பலகையில் விளக்கு எரிந்ததும் கம்பியைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்வதுதான் வேலை. மூன்றே மாதத்தில் அந்த "நம்பர் ப்ளீஸ்" தேவைப்படாமல் போயிற்று. எதிர்முனையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தாலே போதும். வெல்ல மண்டிக்காரரா, கோர்ட்டு குமாஸ்தாவா, மகனோடு பேசத் துடிக்கும் மில் சூப்பர்வைசரா என்று தெரிந்துவிடும். "மெட்ராஸ் லைன்தானே?" என்று தெலுங்கில் அவளே முந்திக்கொண்டு கேட்பாள். கடைத்தெருவில் அதே ஆட்கள் எதிரே வந்தால் யாரென்றே தெரியாது. அவர்கள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் நின்றுவிடுவாள்.

பாகாலா ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் ஜெபசிங்கை அவள் கட்டிக்கொண்டதற்கும் குரல்தான் காரணம் என்று அவள் தங்கைமார் கேலி செய்வார்கள். பெண் பார்க்க வந்த அன்று அவர் பேசியது மொத்தம் நாலு வார்த்தை. "தண்ணி கொஞ்சம் குடுங்க, குடிச்சிக்கறேன்." அந்தக் குரலில் ஒரு அமைதி இருந்தது. சரியென்று சொல்லிவிட்டாள்.

தொண்ணூறாம் வருடம் அவளுக்குத் திருப்பதிக்கு மாற்றல் வந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு வீடு பிடித்தார்கள். ஜெபசிங் காலையில் ரயிலேறிப் பாகாலாவுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வருவார். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சித்தூர் சபையில் வாங்கிய மாற்றல் கடிதத்தை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் தமிழ் ஆராதனை எங்கே நடக்கிறது என்று தேடிப் போனார்கள். சித்தூரில் அவர்கள் சபை நூறு வருடத்துக்கு மேல் பழசு. மணிக்கூண்டு, கல்தூண், ஆர்கன் எல்லாம் உண்டு. இங்கே ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை. கரும்பலகையில் பாதி அழித்த தெலுங்குப் பாடம், அதற்குக் கீழே அன்றைக்குப் பாட வேண்டிய கீர்த்தனை எண்கள். தரையில் பாய். மொத்தம் பதினெட்டு பேர்.

ஜெபம் முடிந்து வெளியே வந்து செருப்பை மாட்டுவதற்குள் ஒரு அம்மாள் வந்து கிருபாபாயின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி போட்ட, ஒடிசலான அம்மாள். பெயர் தனபாக்கியம், அந்தப் பள்ளிக்கூடத்திலேயே டீச்சர்.

"யாரும்மா நீங்க ரெண்டு பேரும்? எங்கேர்ந்து வந்துகினு இருக்கீங்க?"

"சித்தூருங்க டீச்சர்."

"சித்தூரா! வா, வா. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். துன்னுட்டு அப்புறமா போவீங்களாம்."

"ஐயோ, இருக்கட்டுங்க டீச்சர். திடீர்னு வந்தா உங்களுக்குச் சிரமம்."

"பருப்புல ரெண்டு டம்ளர் தண்ணி சேத்தா ஆச்சு. இதுல இன்னா சிரமம்?"

ஒற்றை அறை வீடு. வாழைக்காய் பொரியல், தண்ணியான சாம்பார். டீச்சரின் கணவர், "எனக்கு இன்னைக்கு வயிறு சரியில்ல, மோர் போதும்" என்று சொல்லி ஒரு மூலையில் உட்கார்ந்து சிரித்த முகமாக அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்துத்தான் கிருபாபாய்க்கு உறைத்தது. அந்த மனுஷனுக்கு வயிற்றில் ஒன்றுமில்லை. சோறு மூன்று பேருக்குத்தான் இருந்திருக்கிறது.

அந்தச் சபையில் அதுதான் வழக்கம். புதிதாக யார் வந்தாலும் அன்று மதியம் யாராவது ஒரு வீட்டில் அவர்களுக்குச் சாப்பாடு. கொஞ்ச நாளில் கிருபாபாயும் அந்த முறையில் சேர்ந்துகொண்டாள். அதோடு தன் பங்குக்கு இன்னொன்றும் செய்தாள். புதியவர்களின் பெயரையும் நம்பரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வாள். போன் இல்லாதவர்களிடம் பக்கத்துக் கடை நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். செவ்வாய்க்கிழமை டியூட்டி முடிந்ததும் கூப்பிடுவாள். "கோயில்ல பாத்தமே, கிருபா பேசறேன். வீடு செட் ஆயிடுச்சா? பால்காரன் சரியா வரானா?" அவ்வளவுதான். அதற்கு மேல் வேதவசனமும் கிடையாது, உபதேசமும் கிடையாது. அடுத்த ஞாயிறு அவர்கள் கட்டாயம் வருவார்கள். வந்ததும் அவளைத்தான் தேடுவார்கள்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பதினெட்டு பேரும் ஒரே வேனில் ஏறி வீடு வீடாகப் பாடப் போனது. திரும்பும்போது அலிபிரிப் பக்கம் வேன் நின்றுவிட, மலையேற வந்த ஒரு கூட்டம் கோவிந்தா போட்டுக்கொண்டே வேனைத் தள்ளிவிட்டது. டீச்சர் கீழே இறங்கி ஒவ்வொருவருக்கும் கேக் கொடுத்தது. டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிடாத ஆள் அந்தச் சபையில் இல்லை. இரண்டாயிரத்து ஆறில் டீச்சர் காலமானபோது, பெட்டியைத் தூக்க ஒருவருக்கொருவர் போட்டி போட்டார்கள்.

அதற்குள் சபை நூற்றிருபது குடும்பம் ஆகியிருந்தது. பிறகு ஆஸ்பத்திரிகள் வந்தன, காலேஜுகள் வந்தன, சத்தியவேடு பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. வேலூரிலிருந்து நர்சுகள், நாகர்கோவிலிலிருந்து இன்ஜினியர்கள், எங்கெங்கிருந்தோ படிக்கிற பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூட வகுப்பறை போய்ச் சொந்தக் கட்டடம் வந்தது, காலையில் இரண்டு ஆராதனை வந்தது, திரையில் பாட்டு வரிகள் வந்தன. வாசலில் கழுத்தில் அட்டை மாட்டிய வரவேற்புக் குழு நின்றது. புதிதாக வந்தவர்கள் கையைத் தூக்க வேண்டும், எல்லாரும் கை தட்டுவார்கள். பிறகு அவர்கள் கையில் ஒரு படிவம் கொடுப்பார்கள். பெயர், ஊர், முந்தைய சபை, ஞானஸ்நானம் பெற்ற தேதி என்று அதில் பதினோரு கேள்வி.

கிருபாபாய் செவ்வாய்க்கிழமைகளில் கூப்பிடுவதை எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை. கூட்டம் பெருகப் பெருகச் சீட்டுகளும் பெருகின. அதுதான் குழு இருக்கிறதே, இளசுகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பாள். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் கொரோனா ஜெபசிங்கைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு யாரிடமும் பேசவே அவளுக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போவாள், உட்காருவாள், எழுந்து வந்துவிடுவாள்.

போய் உட்காரும் இடம் மட்டும் மாறவே மாறாது. ஜன்னல் பக்கம் மூன்றாவது பெஞ்சு. கட்டடம் எழும்பியபோது அவளும் அவருமாகச் செய்து கொடுத்த பெஞ்சு அது. அவர் போன பிறகு சபையாரே அதன் முதுகில் 'ஜெபசிங் நினைவாக' என்று ஒரு பித்தளைத் தகடு பதித்தார்கள். அதில் சாய்ந்து உட்கார்ந்தால் அவளுக்கு ஒரு ஆறுதல்.

போன வருடம் ஜூன் மாதம். காற்றே இல்லாத ஒரு காலை. கிருபாபாய் சற்றுத் தாமதமாகத்தான் போனாள். அவளுடைய இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்துநாலு, இருபத்தைந்து வயசிருக்கும். பச்சைச் சுடிதார். மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடம் காலியாகத்தான் கிடந்தது.

கிருபாபாய் சிரித்துக்கொண்டே குனிந்தாள். "இது எங்க இடம்மா. பின்னாடி நெறைய சீட்டு இருக்குது பாரு."

அந்தப் பெண் பதறி எழுந்தாள். "தெரியாம குந்திக்கினேன்க்கா" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள். கிருபாபாய் உட்கார்ந்தாள், பைபிளைத் திறந்தாள். இரண்டாவது பாட்டின்போது எதற்கோ திரும்பிப் பார்த்தாள். பச்சைச் சுடிதாரைக் காணவில்லை. வாசல் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

அன்று பிரசங்கம் என்னவென்று அவள் காதில் ஏறவேயில்லை. வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தனபாக்கியம் டீச்சர் வீட்டு மூலையில் மோர் டம்ளரோடு உட்கார்ந்திருந்த அந்த மனுஷன் ஞாபகத்துக்கு வந்தார். முப்பத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. தானே பசியோடிருந்து வந்தவர்களுக்குச் சோறு போட்ட சபை அது. அந்தச் சபையில், பக்கத்தில் இடமிருந்தும் வந்தவளை எழுப்பிவிட்டது யார்? அட்டை மாட்டிய இளசுகள் இல்லை, சபைச் செயலாளர் சாந்தகுமார் இல்லை. தன் வாயால் தானே, அதுவும் சிரித்துக்கொண்டே.

அடுத்த ஞாயிறு சீக்கிரமே போய் வாசலில் நின்றாள். அதற்கடுத்த ஞாயிறும் நின்றாள். அந்தப் பெண் வரவில்லை. வரவேற்புக் குழுவிடம் கேட்டால், "படிவம் பூர்த்தி பண்ணலியே ஆன்ட்டி" என்றார்கள். முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். பச்சைச் சுடிதார்தான் வந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. 'குந்திக்கினேன்க்கா'. ககரத்தை அழுத்தாமல் வழுக்கிவிடுகிற பேச்சு. நகரி தாண்டி விஜயபுரம் பக்கத்துப் பேச்சு அது. அவள் காது அதில் தப்பாது.

ஆகஸ்டில் ஒரு நாள், தம்பி வீட்டுக்குப் போகக் கிருபாபாய் பஸ் நிலையத்துக்கு வந்தாள். சித்தூர் வண்டி நிற்கும் இடத்தில் பையை வைத்துவிட்டு நின்றாள். தலைக்கு மேலே ஒலிபெருக்கி தெலுங்கில் எதையோ சொல்லி முடித்தது. பிறகு தமிழ்.

"பயணிகளின் கவனத்திற்கு. சித்தூர், காட்பாடி வழியாக வேலூர் செல்லும் பேருந்து ஆறாவது நடைமேடையிலிருந்து..."

கிருபாபாய் அப்படியே நின்றுவிட்டாள். எழுதிவைத்த தமிழ்தான், பார்த்துப் படிக்கிற குரல்தான். ஆனாலும் 'கவனத்திற்கு' என்பதில் அந்தக் ககர வழுக்கல் இருந்தது. இன்னொரு அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தாள். சித்தூர் வண்டி ஒன்று போயிற்று. அடுத்ததும் போயிற்று. மூன்றாவது அறிவிப்பில் சந்தேகமே இல்லாமல் போக, பையைத் தூக்கிக்கொண்டு விசாரணை அறைக்கு நடந்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் மைக்கின் முன் ஒரு பெண். நிமிர்ந்து பார்த்ததுமே வந்திருப்பது யாரென்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"எந்த வண்டிக்கா?"

"வண்டி இல்லம்மா. உன்னைத்தான் தேடிகினு வந்தேன். கோயில்ல அன்னைக்கி உன்னை எழுப்பிவிட்டது நான்தான்."

"தெரியும்க்கா." மைக்கை அணைத்தாள். பிறகு, "அரை மணி நேரத்துல எனக்கு டீ பிரேக். இருக்கறீங்களா?" என்றாள்.

நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் நின்றபடியே பேசினார்கள். அவள் பெயர் தரணி. விஜயபுரத்துப் பக்கம் ஒரு கிராமம், நைனாவுக்கு ஒன்றரை ஏக்கர் வேர்க்கடலை. இங்கே ஒப்பந்த வேலை. லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

"அந்தக் கோயில்ல உனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களாம்மா?"

"யாரும் இல்லக்கா. நாங்க உங்க ஆளுங்களும் இல்ல, சாமி வேற. ஹாஸ்டல்ல எல்லாம் தெலுங்குதான். வேலையில தமிழ் பேசறேன், ஆனா மைக்குக்குத்தானே பேசறேன்? ஒரு நாள் அந்தப் பக்கமா நடந்து போய்க்கினு இருந்தேன், உள்ள பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. எங்க அம்மா களை எடுக்கறப்ப பாடற மாதிரி இழுத்து இழுத்துப் பாடினாங்க. அம்மா செத்து ரெண்டு வருஷம் ஆவுது. நின்னுட்டேன்."

"உள்ள வர வேண்டியதுதானே?"

"மூணு வாரம் கேட்டுக்கு வெளியிலதான் நின்னு கேட்டேன். யாரும் உள்ள வான்னும் கூப்புடல, போன்னும் தொரத்தல. நாலாவது வாரம் தைரியம் வந்து உள்ள வந்து குந்தினேன்."

கிருபாபாய் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "கோவமாம்மா என் மேல?"

"கோவம் இல்லக்கா. வெக்கமாப் போச்சு. அதான் வரல."

கிருபாபாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிக்கோ" என்றாள். தன்னைவிட முப்பத்தைந்து வயது சின்னவளிடம் அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. தரணி பதறிப்போய், "ஐயோ, இன்னாக்கா நீங்க" என்று அவள் தோளைத் தொட்டாள். அன்று கிருபாபாய் சித்தூருக்குப் போகவில்லை.

அந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தன் பெயரைச் சொல்லியே, "நான்தான் பண்ணேன்" என்று சொன்னாள். போதகர் ஜாபேஸ் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். சின்ன வயசுக்காரர், வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

செயலாளர் சாந்தகுமார் ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ்காரர். எதையும் பைல் போட்டு யோசிக்கிறவர்.

"கிருபாக்கா, நீங்க சொல்றது மனசுக்குச் சரிதான். ஆனா இது பதினெட்டு பேர் சபை இல்ல. ரெண்டு ஆராதனைக்கும் சேத்து ஆயிரம் பேர் வராங்க. வேற மதத்துப் பொண்ணு ஒண்ணு வந்துபோச்சுன்னா, நாளைக்கு யாராவது வந்து ஆள் புடிக்கறீங்களான்னு கேட்டா? இது எந்த ஊருன்னு மறந்துடாதீங்க."

"பேரைக் கேக்கறதும் மதத்தைக் கேக்கறதும் ஒண்ணா சாந்தகுமார்? அந்தப் பொண்ணு பாட்டு கேக்க வந்துச்சு. கேட்டுட்டுப் போவட்டும். அதுக்கு மேல நாம ஒண்ணும் எதிர்பாக்க வேணாம். வந்தவங்க யாராயிருந்தாலும், வாசல்ல ஒருத்தர் 'சாப்டீங்களா, எங்கேர்ந்து வரீங்க'ன்னு கேக்கறதுல எந்த ஊருக்கு இன்னா கெட்டுப்போச்சு?"

வாக்குவாதம் நீண்டது. கடைசியில் பதினோரு கேள்விப் படிவம் போய், பெயரும் போன் நம்பரும் மட்டும், அதுவும் அவர்கள் விருப்பப்பட்டால் என்று முடிவாயிற்று. கையைத் தூக்கச் சொல்வதும் நின்றது. பெஞ்சுப் பேச்சு வந்தபோதுதான் சிக்கல். மொத்தம் இருபத்தாறு பெஞ்சில் நினைவுத் தகடு இருந்தது. எல்லாவற்றையும் கழற்றி, உள்ளே நுழையும் இடத்துச் சுவரில் ஒன்றாகப் பதித்துவிடலாம் என்றாள் கிருபாபாய். எல்லார் முகமும் கறுத்தது.

"எங்க அப்பா பேரை எங்கேயோ செவுத்துல கொண்டுபோய் ஒட்டறதா?" என்று ஒருவர் எழுந்தேபோனார். ஒப்புக்கொண்டவர்களின் தகடுகளை மட்டும் எடுப்பதென்று முடிவாயிற்று.

அடுத்த வாரம் தச்சர் வந்ததும் அவள் மூன்றாவது பெஞ்சைக் காட்டி, "இதை முதல்ல எடுங்க" என்றாள். நாலு ஸ்க்ரூதான். கழற்றிய தகட்டை முந்தானையால் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஜெபசிங் இருந்திருந்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியிருக்கமாட்டார். 'செய், செய்' என்றிருப்பார்.

இருபத்தாறில் பத்தொன்பது தகடுகள் சுவருக்கு வந்தன. ஏழு இன்றைக்கும் பெஞ்சிலேயே இருக்கின்றன. இரண்டு குடும்பங்கள் மனத்தாங்கலில் வேறு சபைக்குப் போயின. ஒன்று திரும்பி வந்தது, இன்னொன்று வரவில்லை. அந்த வராத குடும்பத்தில் ஒரு பெண்ணின் திருமணத்துக்குக் கிருபாபாய் போய்வந்தாள். யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை நினைத்தால் அவளுக்கு வருத்தம்தான். ஒரு சிலரை உள்ளே சேர்க்கப்போய் வேறு சிலரை வெளியே விட்டுவிட்டோமோ என்று ஜாபேஸ் ஐயாவிடம் ஒரு முறை கேட்டாள். "எனக்கும் அந்தக் கவலை உண்டும்மா" என்று மட்டும் அவர் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை போன்களை மறுபடி தொடங்கினாள். ஆயிரம் பேருக்கு அவள் ஒருத்தியால் முடியாது என்பது தெரியும். அதனால் தெருவுக்குத் தெரு ஒரு வீட்டைப் பிடித்து, அந்தப் பக்கம் குடிவந்த புதியவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தாள். சிலர் செய்தார்கள். சிலர் தலையாட்டிவிட்டு மறந்தார்கள்.

தரணிக்கு ஞாயிறு பெரும்பாலும் டியூட்டி. எப்போதாவது வருவாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து பாட்டு முடியும்வரை இருப்பாள், பிரசங்கம் தொடங்கும்போது எழுந்துபோவாள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கிருபாபாயும் கேட்டதில்லை. பஸ் ஏற வரும்போதெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டிவிட்டுப் போவாள்.

நவம்பரில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை. மைதானத்தில் பந்தல் போட்டு, காய்கறியும் கோழியும் பலகாரமுமாக அவரவர் கொண்டுவந்து வைத்தார்கள். பதினோரு மணி வாக்கில் தரணி வந்தாள். கூடவே ஒரு வயதானவர். துவைத்த வேட்டி, தோளில் துண்டு, தலையில் அரை மூட்டை வேர்க்கடலை. வாசலுக்கு வந்ததும், உள்ளே போகலாமா கூடாதா என்று தயங்கி நின்றுவிட்டார். தரணி அவர் முழங்கையைப் பிடித்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிருபாபாய் பந்தலின் மறுமுனையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடப் பார்த்தாள். அதற்குள் சாந்தகுமார் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். மூட்டையை இறக்க ஒரு கை கொடுத்தார். ஒரு கடலையை எடுத்து உடைத்துப் பார்த்தார். பிறகு அவர் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது.

"இது எந்த மண்ணுங்க? எங்க நகரிப் பக்கத்துச் செம்மண்ணுலதான் இந்த நெறம் வரும்!"

"விஜயபுரங்க. இந்த வாட்டி மழை சரியில்ல, காய் கொஞ்சம் சிறுத்துப் போச்சு" என்றார் தரணியின் நைனா.

"சிறுத்தா இன்னாங்க, பால் பிடிச்சிருக்குது பாருங்க. வாங்க, மொதல்ல குந்துங்க. மோர் குடிக்கறீங்களா?"

இரண்டு பேரும் மழையைப் பற்றியும் போர்வெல்லைப் பற்றியும் பேசிக்கொண்டே பந்தலுக்குள் நடந்தார்கள். தரணி திரும்பிக் கிருபாபாயைத் தேடி, பார்த்துச் சிரித்தாள். கிருபாபாய் அங்கிருந்து நகரவில்லை. பக்கத்தில் யாரோ ஒரு பிடி கடலையை அவள் கையில் போட, உரித்துத் தின்றபடி பாடகர் குழு அடுத்த பாட்டைத் தொடங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.